மெழுகுவத்தி மூழ்கும் என்று சொல்லச் சொன்னேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரைச் சமாளித்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "தேர்வுப் பாடம் எப்படிப்பா போச்சு" என்று கேட்டாய், நான் "பிரமாதம், பசங்க ஒரு கேள்வி விடாம பதில் சொன்னாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். பிரமாதம் என்றது பொய், மற்றது உண்மை. ஒரு கேள்வி விடாமல் சொன்னார்கள், நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்கள், அதுதான் சங்கதி. உன் அப்பா இரண்டாம் வகுப்புப் பாடத்தில் தேறவில்லை பாப்பா. படித்தவனாக இல்லை, நடத்தியவனாக. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்னும் தெரியாது.

தெரியாது என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெரு முழுக்க அவளுக்கு இப்போது நான் "எங்க வீட்டு சார்". துணிக்கடையில் நின்ற காலமெல்லாம் என்னைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் "இவரு" என்று கதவுப் பக்கம் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான் மரியாதை. இப்போது மருந்துக்கடைக்காரர்கூட "வாங்க சார்" என்கிறார், இருமல் மருந்தை நீட்டிக்கொண்டே தன் மகன் வாய்ப்பாடு சொல்ல மாட்டேன் என்கிறான் என்று முறையிடுகிறார். மாடி வீட்டு அக்கா தன் வீட்டுச் சண்டைக்கெல்லாம் என்னிடம் நியாயம் கேட்க வருகிறாள், வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம். நானும் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு நியாயம் சொல்லியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

கடையை முதலாளியின் மகன்கள் மூடிவிட்டு அந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடம் வைத்தபோது நீதான் சொன்னாய், "உங்களுக்குப் பேச வரும்ப்பா, சின்னப் பசங்கன்னா உயிரு, வாத்தியார் பயிற்சிக்குப் போங்களேன்" என்று. பேச வந்தால் போதும் என்று அன்றைக்கு நாம் இரண்டு பேருமே நினைத்தோம். துணிக்கடையில் சேரப் போனபோது நாளைக்கு வரலாமா என்று கேட்டேன், "இன்னிக்கே வா" என்றார்கள், அதுதான் அந்த வேலைக்கான தகுதி. இங்கே அப்படியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வேண்டும், வயது வரம்புக்குள் இருக்க வேண்டும் (வரம்பின் கடைசி விளிம்பில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்), உடல் தகுதிக்கு ஒரு சான்று, நடத்தைக்கு ஒரு சான்று, பிறகு இரண்டு வருஷப் படிப்பு, அதன் நடுவில் ஒரு நிஜப் பள்ளிக்கூடத்தில் கற்பித்தல் பயிற்சி, எல்லாம் முடிந்தால் மறுபடியும் ஒரு தகுதித் தேர்வு. என் பழைய மதிப்பெண் பட்டியலைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது உன் அம்மா வாங்கிப் பார்த்தாள். கணக்குப் பாடத்துக்கு நேரே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்துவிட்டு, "இதைவிட அதிகமா வாங்கின புள்ளைகிட்டயா அன்னிக்கு அப்படிக் கத்தினீங்க" என்றாள், உன்னைத்தான். அந்த விஷயத்தை இங்கே நான் வளர்க்க விரும்பவில்லை.

பயிற்சி நிறுவனத்தில் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன், உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாரும் உன்னைவிடச் சின்னவர்கள், என்னைப் பார்த்ததும் சடாரென்று எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் உங்களில் ஒருத்தன்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உட்காருங்க உட்காருங்க" என்று கையை ஆட்டிவிட்டு மேசைப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், நிஜமான விரிவுரையாளர் அம்மா வந்து "நீங்க யாரு" என்று கேட்கிறவரை. அன்றிலிருந்து வகுப்புக்கே நான் சித்தப்பா. அந்த அம்மாவை நாங்கள் மேடம் என்போம், என்னைவிட வயதில் சின்னவர், ஒரு தடவை பார்த்தால் நம் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார் போலிருக்கும். குழந்தை உளவியல் படித்தேன், பாடக் குறிப்பு எழுதப் படித்தேன், அட்டையை வெட்டி ஒட்டித் துணைக்கருவி செய்தேன், முயல் மாதிரித் தாவிக்கொண்டே பாடும் பாட்டு ஒன்று உண்டு, அதைத் தாவிய பிறகு இரண்டு நாள் மாடிப்படியைப் பக்கவாட்டில் ஏறினேன். கரும்பலகையில் எழுதுவதற்குத் தனியாகத் தேர்வு வைக்கிறார்கள், என் வரி தோள் உயரத்தில் புறப்பட்டு இடுப்பில் போய் முடியும். ஒருத்தர் பாடம் நடத்த மற்றவர்கள் குழந்தைகளாக உட்கார வேண்டிய பயிற்சியும் உண்டு. நான் குழந்தையாக உட்கார்ந்து அழுதபோது பக்கத்தில் இருந்த பெண், "சித்தப்பா, ஏழு வயசுப் பையன் இவ்வளவு அழமாட்டான், கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றாள்.

இதில் எல்லாம் எப்படியோ ஒப்பேற்றினேன். ஒப்பேற்ற முடியாதது என் பழைய வியாபாரம்தான். வாடிக்கையாளர் எடுத்ததைத் தப்பு என்று சொல்லாமல் பழகிய வாய். பள்ளிக்கூடத்துப் பயிற்சியின் முதல் வாரம் ஒரு குழந்தை ஐந்தும் நாலும் எட்டு என்றது, நான் கொஞ்சமும் யோசிக்காமல், "எட்டும் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த ஒன்பதைப் பாரு, இன்னும் எடுப்பா இருக்கும்" என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே வந்ததும், "அந்தக் குழந்தை வாங்க வரலைங்க, கத்துக்க வந்திருக்கு" என்றார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துத் தப்பித்துவிட்டேன் என்றும் நினைத்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்கு எனக்குக் கொடுத்தது பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு. தேர்வுப் பாடத்துக்குத் தலைப்பு, எந்தப் பொருள் மிதக்கும், எது மூழ்கும். அழகான பாடம், ஒரு கண்ணாடித் தொட்டி, பை நிறையப் பொருள்கள், ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, என்ன ஆகும் என்று கேட்டு, பிறகு தண்ணீரில் போட வேண்டும். பாடக் குறிப்பில் ஒரு கட்டம் உண்டு பாப்பா, "மாணவரிடம் எதிர்பார்க்கும் பதில்" என்று. நாம் கேட்கும் கேள்விக்குக் குழந்தைகள் என்னென்ன சொல்லக்கூடும் என்று யோசித்து எழுதி வைத்துக்கொள்வதற்கான இடம், தப்பான பதில் வந்தால் எப்படிக் கையாளுவோம் என்பதும் அதில் வர வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண். நான் பிரமாதமாக எழுதினேன். யோசித்து யோசித்து ஒரு தப்பான பதிலும் எழுதினேன், மெழுகுவத்தி கனமாக இருக்கிறது அதனால் மூழ்கும் என்று ஒரு குழந்தை சொல்லும், நான் புன்னகையோடு "ஏன் அப்படி நினைக்கிறே" என்று கேட்டு, போட்டுப் பார்க்கலாமா என்று அந்தக் குழந்தையின் கையிலேயே கொடுப்பேன். எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நன்றாக எதிர்பார்த்து வைத்திருக்கிறேன், பிள்ளைகள் சொல்லாமல் விட்டால்?

கடையில் கூட்டம் வருகிற நாளுக்கு முன்னால் முதலாளி எங்களை நிற்க வைத்து ஒத்திகை பார்ப்பார். நான் ஒரு துணியை விரிப்பேன், அடுத்தவன் "அதை ஏன் காட்டறே, காலையில ஒருத்தர் எடுத்து வைக்கச் சொன்னாரே" என்பான், உடனே வந்தவருக்கு அதுதான் வேண்டும் என்று தோன்றும். அந்தப் புத்திதான் வேலை செய்தது. முந்தைய நாள் மத்தியானம் வகுப்பு ஆசிரியை ஏதோ கூட்டத்துக்குப் போனார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் விட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டியை எடுத்தேன். யார் கை தூக்குவது, யார் எதைச் சொல்வது என்று முழுப் பாடத்தையும் நடத்திக் காட்டினேன். நடுவில் கைதவறித் தண்ணீர் சிந்தி என் கால்சட்டை நனைந்தது, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

தப்பான பதிலுக்கு ஒரு ஆள் வேண்டுமே. முன்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள், முன்பல் இரண்டும் விழுந்து போனவள், நான் பொக்கைவாய் என்று கூப்பிடுவேன், கூப்பிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எந்தக் கேள்விக்கும் அவளிடமிருந்து சரியான பதில் வந்து நான் பார்த்ததில்லை. அவளைக் கூப்பிட்டேன். "மெழுகுவத்தி கனமா இருக்கு, அதனால மூழ்கும்னு நீ சொல்லணும், இதெல்லாம் நீதான் நல்லா சொல்லுவே" என்றேன். என்ன ஒரு பாராட்டு பார். அவள் கண் விரிந்துவிட்டது, நான் அவளுக்கு ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மெழுகுவத்தியை மட்டும் தண்ணீரில் போட்டுக் காட்டவில்லை, அது மறுநாளைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேடம் வந்து பின்வரிசையில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார், வகுப்பு ஆசிரியை ஜன்னலோரம் நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு நாம் ஒரு புதிய விளையாட்டு விளையாடப் போகிறோம் என்று ஆரம்பித்தேன். ஒரு பையன் எழுந்து, "புதுசு இல்ல சார், நேத்து விளையாடினதுதான்" என்றான். கேட்காதவன் மாதிரிப் பைக்குள் கையை விட்டேன். கை உள்ளே இருக்கும்போதே "சாவி சார், சாவி, அது மூழ்கிடும்" என்று ஒரு குரல். நான் பதற்றத்தில் வேறு எதையோ பிடித்துப் பென்சிலை வெளியே எடுத்துவிட்டேன். உடனே வகுப்பு முழுக்கத் திருத்தியது, "பென்சில் அப்புறம் சார், முதல்ல சாவி." ஒருத்தி தன் முறை வரும் முன்பே எழுந்து நின்று தன் வரியைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்தவனை முழங்கையால் இடித்தாள், "இப்ப நீ" என்று. இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். ஜன்னல் பக்கத்துப் பையன் ஒருத்தன் தரை துடைக்கும் துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு ஆசிரியை அது எதற்கு என்று கேட்டார். "சார் இப்ப தண்ணியைக் கொட்டுவாரு மிஸ்" என்றான். பொறுப்பான பிள்ளை.

அப்புறம் மெழுகுவத்தி. பொக்கைவாய் எழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கனமா இருக்கு, அதனால மூழ்கும்" என்று ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். நான் திட்டமிட்ட புன்னகையைப் புன்னகைத்தேன். மேடம் எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் குனிந்து, என்னைப் பார்க்காமல், "ஏன்டா கண்ணு மூழ்கும்னு நினைச்சே" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு நான் வரி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "மூழ்காது மிஸ். நேத்து வீட்டுக்குப் போய் வாளியில போட்டுப் பார்த்தேன், மிதந்துச்சு. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்." அப்படியானால் ஏன் மூழ்கும் என்றாய் என்று மேடம் கேட்டார். "தப்பு சொல்றதுக்கு சார் என்னைத்தான் வச்சிருக்காரு. நான்தான் நல்லா தப்பு சொல்லுவேன்."

யாரும் சிரிக்கவில்லை பாப்பா. அவளும் அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும். கொடுத்த வேலையை ஒழுங்காக முடித்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க அங்கே போனேனோ அதை அவள் முந்தின சாயங்காலமே வாளியும் மெழுகுவத்தியுமாகத் தானே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், அதை நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்காக மென்று விழுங்கிவிட்டு எழுந்து நின்றிருக்கிறாள். நான் அவளை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உனக்குத் தெரிகிறதல்லவா. எப்படியும் தப்பாகத்தானே சொல்லப் போகிறாள் என்று. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன், ஜன்னலோரம் நின்ற ஆசிரியை தலையைத் திருப்பிக்கொண்ட விதத்தில் அவருக்கும் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

வெளியே வராந்தாவில் மேடம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் சிரிக்க வைத்துச் சமாளித்திருப்பேன். "பாடத்தைத் தயார் பண்ணச் சொன்னேன். பிள்ளைங்களைத் தயார் பண்ணச் சொல்லலை" என்றார். நான் கடைப் பழக்கத்தைச் சொல்லி ஏதோ வேடிக்கை பேச ஆரம்பித்தேன். "வேண்டாம், இப்ப வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் இதே வகுப்பில் மறுபடி நடத்த வேண்டும், தலைப்பை அன்று காலையில்தான் சொல்வாராம். அதிலும் தேறவில்லை என்றால் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் வயது வரம்பு என்னைக் கைகழுவிவிடும். அன்றைக்கே பழைய முதலாளியின் மூத்த மகனிடமிருந்து போன் வந்தது, வேறு இடத்தில் திரைச்சீலைக் கடை போடுகிறானாம், "அண்ணே, நீங்க வந்தா போதும், நிக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்தே பேசுங்க" என்றான். அந்த நேரத்தில் அந்த நாற்காலி என் கண்ணுக்கு எவ்வளவு மெத்தென்று தெரிந்தது தெரியுமா.

போய்விடலாம் என்றுதான் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், தொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று. வாசலிலேயே பொக்கைவாய் பிடித்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை, "சார், அடுத்த பாடத்துக்கும் நானே தப்பு சொல்லட்டுமா" என்று கேட்டாள். அவளுக்கு அது நிரந்தர வேலையாகிவிட்டது பாப்பா, நான் போட்டுக் கொடுத்த வேலை. படியில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். "இனிமே வேண்டாம்மா. நீ வாளியில போட்டுப் பார்த்ததுதான் சரி, அதை எல்லாருக்கும் நீதான் சொல்லணும். தப்பு சொல்றதை இனிமே நானே பார்த்துக்கறேன்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தாள். "உங்களுக்கு நல்லா வருமா சார்" என்று கேட்டாள். அதெல்லாம் எனக்கு நன்றாக வரும் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனேன், அவளை முன்னால் நிறுத்தினேன், வாளிக் கதையைச் சொன்னாள். பாதி வகுப்பு கேட்டது, பாதி கேட்கவில்லை. ஒருத்தன், "ஆனா நேத்து மூழ்கும்னு சொன்னியே" என்று சண்டைக்கு வந்தான். அதற்கு நான்தான் காரணம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது குரல் கடைக்குரலாக இல்லை, எனக்கே அடையாளம் தெரியவில்லை. திரைச்சீலைக்காரனுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் நிற்பேன், தேறுவேனா என்று தெரியாது. இனி எந்தக் குழந்தையின் வாயிலும் என் வரியை வைப்பதில்லை, எந்தப் பேச்சையும் முன்கூட்டி ஒத்திகை பார்ப்பதுமில்லை, இது உன் மேல் சத்தியம் என்று எழுத வந்தேன், உன் மேல் எதற்கு, என் மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, என் சட்டைகளைத் தேய்த்து வரிசையாக மாட்டி வைத்திருக்கிறாள், ஒவ்வொரு காலையும் காலரைச் சரி செய்து அனுப்புகிறாள், அப்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்வதில்லை. உன் சின்ன மாமா வண்டியை விற்றுவிட்டு மறுபடி அதே வண்டியை வாங்கியிருக்கிறார், காரணத்தை அவரே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நீ வேலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் ஓடாதே, இருமல் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார், ஈரத் தலையோடு வெளியே போகாதே. புது அலுவலகத்தில் உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகு, அப்பாவைப் பார்த்துப் படிக்காதே. மாப்பிள்ளை என்னைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் படிக்கிறார் என்று மட்டும் சொல், இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டாதே. அம்மாவிடம் போனில் எதையும் உளறிவிடாதே, நானே நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன், அவள் வாயால் இன்னும் கொஞ்ச நாள் சார் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கவனித்துக்கொண்டு, நோய்நொடி அண்டாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
(இன்னும் தேறாதவன்)

பின்குறிப்பு: இதை நேற்றே எழுதி முடித்து, முடி வெட்டப் போன இடத்தில் சலூன்காரருக்கு வாசித்துக் காட்டினேன், அந்தப் பெண் பேசும் இடத்தில் கத்தரி நின்றது, காத்திருந்தவர்களும் நாளிதழைக் கீழே வைத்தார்கள், அதனால் அந்தப் பகுதியில் கை வைக்கவில்லை.